பழைய பிராசஸர்களில் ஸ்ட்ரக்ட் அலைன்மென்ட்: எல்லாவற்றுக்கும் ‘பேக்டு’ போட்டால் போதுமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு சென்சார் அனுப்பும் ரெக்கார்டுகளைப் படிக்கும் லினக்ஸ் டிரைவர் ஒன்று. ஒவ்வொரு ரெக்கார்டும் 1 பைட் வகை, அதையடுத்து 4 பைட் அளவீடு என்று 5 பைட். எக்ஸ்86-ல் எந்தத் தொல்லையும் இல்லை. பழைய ஏஆர்எம்9 போர்டில் கெர்னல் பக்கம் எண்கள் சரியாக வந்தாலும் வேகம் படுத்துவிடுகிறது. அதே பைட்டுகளை வாங்கிப் பிரிக்கும் யூசர் புரோகிராமோ தாறுமாறான எண்களைக் காட்டுகிறது. எம்68கே (மோட்டோரோலா 68000 குடும்பம்) எமுலேட்டரில் 2025-ஐச் சேர்ந்த கெர்னலைப் போட்டால் லாக் பாயின்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை வருகிறது. எல்லா ஸ்ட்ரக்டுக்கும் பேக்டு அட்ரிபியூட் (உறுப்புகளுக்கு நடுவே இடைவெளி விடாதே என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) போட்டுவிட்டால் மூன்றும் தீருமா?

தீராது. ஒன்று தீரும், இன்னொன்றுக்குச் சம்பந்தமே இல்லை, டிரைவரில் ஹார்டுவேர் ரெஜிஸ்டர்களுக்கு ஒரு ஸ்ட்ரக்ட் இருந்தால் அது புதிதாகக் கெடும். அலைன்மென்ட் (தரவு 2, 4 போன்ற எண்ணால் வகுபடும் முகவரியில் இருப்பது) என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பிரச்சினைகள் இங்கே கலந்து கிடக்கின்றன. எந்த முகவரியைத் தொட பிராசஸருக்கு முடியும் என்பது ஒன்று. ஸ்ட்ரக்டுக்குள் எந்த உறுப்பை எங்கே வைக்க வேண்டும் என்று ஏபிஐ (கம்பைல் செய்த கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கான விதிகள்) கம்பைலருக்குச் சொல்வது வேறொன்று. பாயின்டரின் கடைசி பிட்டுகள் சுழியமாகத்தான் இருக்கும் என்று கெர்னல் கோடு நம்பிக்கொள்வது மூன்றாவது. எக்ஸ்86-ல் மூன்றுமே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அங்கே சோதித்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் ஏஆர்எம். உங்கள் போர்டில் இருப்பது ஏஆர்எம்வி5 வகை. இதில் 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் சொல்லை எடுக்கச் சொன்னால், அலைன்மென்ட் டிராப் (இப்படிப்பட்ட முகவரியைப் பிடித்து எக்ஸப்ஷன் எழுப்பும் வசதி) அணைந்திருக்கும் நிலையில், பிராசஸர் பிழை என்று சொல்லாது. முகவரியின் கடைசி இரண்டு பிட்டைத் தள்ளிவிட்டு, அந்த 4 பைட் எல்லையில் இருக்கும் சொல்லை எடுத்து, தள்ளிய பிட்டுகள் எத்தனை பைட்டோ அத்தனை பைட் வலப்பக்கம் சுழற்றிக் கொடுக்கும். முகவரி 1000 முதல் பைட்டுகள் 11, 22, 33, 44, 55, 66, 77, 88 என்று (பதினாறடிமான எண்களாக) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1001-லிருந்து 4 பைட் படித்தால் லிட்டில் எண்டியனில் (எண்ணின் கடைசி பைட் முதலில் வரும் முறை) 55443322 வர வேண்டும். கையில் கிடைப்பது 11443322. மூன்று பைட் சரி, மேல் பைட் மட்டும் தப்பு. 1002-லிருந்து படித்தால் 66554433-க்குப் பதிலாக 22114433. எழுதும்போது இன்னும் மோசம்: 1001-ல் எழுதச் சொன்னால் 1000-லேயே எழுதிவிடும். உங்கள் ரெக்கார்டில் வகை பைட் 1000-ல் இருந்தால், அளவீட்டை எழுதப்போய் வகை அழிந்துபோகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

உங்கள் புரோகிராமில் நடப்பது இதுதான். பஃபர் பாயின்டரோடு 1 கூட்டி, அதை 32 பிட் பாயின்டராகக் காஸ்ட் செய்து படிக்கிறீர்கள். கெர்னலுக்குள்ளும் அதே காஸ்ட்தான் இருக்கிறது. ஆனால் அங்கே லினக்ஸ் அலைன்மென்ட் டிராப்பைப் போட்டு வைத்திருப்பதால் ஒவ்வொரு தடவையும் எக்ஸப்ஷன் எழுகிறது. ஹேண்ட்லர் அந்தக் கட்டளையைப் பிரித்துப் பார்த்து, பைட் பைட்டாகப் படித்து, சரியான மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுத் திரும்புகிறது. ஒரே கட்டளையில் முடிய வேண்டியது நூற்றுக்கணக்கான சைக்கிள்களைத் தின்கிறது. அதனால்தான் எண் சரி, வேகம் இல்லை. யூசர் புரோகிராமுக்கு என்ன செய்வது என்பதை /ப்ராக்/சிபியு/அலைன்மென்ட் என்ற கோப்பு தீர்மானிக்கிறது. அதில் 0 என்றால் கண்டுகொள்ளாதே, 1 என்றால் எச்சரி, 2 என்றால் சரிசெய், 4 என்றால் சிக்னல் அனுப்பு. 3-ம் 5-ம் இவற்றோடு எச்சரிக்கை சேர்ந்தவை. பழைய ஏஆர்எம்களில் இயல்பு மதிப்பு 0, அதாவது சுழற்றிய எண்ணையே வாங்கிக்கொள் என்று அர்த்தம். அந்தக் கோப்பைப் படித்துப் பாருங்கள். ‘சிஸ்டம்’ என்ற வரியில் இருக்கும் எண் டிரைவர் ஓட ஓட ஏறிக்கொண்டே போனால், கெர்னலுக்குள் எத்தனை தடவை இப்படி ஒப்பேற்றப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

டெவலப்மென்ட் போர்டில் அங்கே 2 போடாதீர்கள், 4 போடுங்கள் என்பது என் கருத்து. 2 போட்டால் பிழை மறைந்துவிடும், வேறு யாரோ ஒருவருடைய போர்டில் போய் முளைக்கும். 4 போட்டால் தவறான அணுகல் நடந்த அதே வரியில் புரோகிராம் நின்றுவிடும், டீபக்கரில் நேராகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏஆர்எம்வி6 முதல் சாதாரண லோடு, ஸ்டோர் கட்டளைகளுக்கு ஹார்டுவேரே இதைச் சமாளிக்கிறது. ஆனாலும் பல ரெஜிஸ்டர்களை ஒன்றாக ஏற்றும் கட்டளைகள் ஏஆர்எம்வி7-லும் அலைன்மென்ட் கேட்கும். அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளைப் படிப்பதைப் பார்த்தால் கம்பைலர் தானாகவே அப்படி ஒரு கட்டளையாகச் சேர்த்துவிடலாம். எனவே புதிய ஏஆர்எம் வந்துவிட்டது என்று அந்தக் காஸ்டை விட்டுவைக்க முடியாது. சி மொழியின் விதிப்படியும் அது வரையறை இல்லாத செயல்தான். எக்ஸ்86-லேயே வெக்டர் கட்டளைகள் புகுந்தால் இப்படிப்பட்ட கோடு விழுந்துவிடும்.

இந்தப் பகுதிக்கு மருந்து எளிது. கெர்னலில் கெட்_அன்அலைன்டு_எல்இ32 என்ற ஃபங்ஷனையும், யூசர் பக்கம் மெம்காப்பியையும் பயன்படுத்துங்கள். அன்அலைன்டு அணுகல் மலிவாக இருக்கும் பிராசஸரில் இரண்டுமே பெரும்பாலும் ஒரே லோடு கட்டளையாகச் சுருங்கிவிடும். இல்லாத பிராசஸரில் பைட் பைட்டாக விரியும். எம்ஐபிஎஸ்-ல் இதற்கென்றே இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி என்று எடுக்கும் இரண்டு கட்டளைகள் உண்டு. அவற்றுக்கு எம்ஐபிஎஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததால், லெக்ஸ்ரா நிறுவனம் அவற்றை விட்டுவிட்டுத் தன் சிப்பைச் செய்தது. அதனால் எம்ஐபிஎஸ் மாதிரியே தெரிகிற ஒரு ரவுட்டர் சிப்பில் அந்தக் கட்டளைகள் இல்லாமலே போகலாம், அதற்கென்று தனியாகக் கம்பைல் செய்ய வேண்டிவரும். பழைய ரவுட்டர்களைக் கையில் எடுப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களுக்கு இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். ஈதர்நெட் தலைப்பு 14 பைட். பஃபர் 4-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால், அதன் பின்னால் வரும் ஐபி தலைப்பு 2 பைட் தள்ளி உட்காரும், அதிலுள்ள 32 பிட் முகவரிகள் எல்லாமே அலைன்மென்ட் தப்பிப் போகும். அதற்காகத்தான் பஃபரின் தொடக்கத்தில் 2 பைட் விட்டுவிடும் வழக்கம் கெர்னலில் இருக்கிறது. நெட்_ஐபி_அலைன் என்ற மதிப்பு இயல்பாக 2, எக்ஸ்86-லும் பவர்பிசியிலும் 0. ஸ்பார்க் போன்ற கண்டிப்பான பிராசஸரில் இதை மறந்த டிரைவர், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னல் லாகில் அன்அலைன்டு அணுகல் என்று வரியாய் எழுதித் தள்ளும்.

சரி, எம்68கே எச்சரிக்கைக்கு வருவோம். இது முற்றிலும் வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

மோட்டோரோலா 68000 வந்தது 1979-ல். அதன் டேட்டா பஸ் 16 பிட். 32 பிட் எண்ணை எப்படியும் இரண்டு தடவையாகத்தான் எடுக்க வேண்டும், எனவே அதை 4 பைட் எல்லையில் வைப்பதால் எந்த லாபமும் இல்லை. இரட்டைப்படை முகவரியாக இருந்தால் போதும். ஒற்றைப்படை என்றால்தான் அட்ரஸ் எரர். நினைவகம் விலை உயர்ந்த காலம் என்பதால் பேடிங்கில் (இடைவெளியை நிரப்பும் வெற்று பைட்டுகளில்) வீணாக்காமல், இன்ட், லாங், பாயின்டர் எல்லாவற்றுக்கும் 2 பைட் அலைன்மென்ட் போதும் என்று ஏபிஐ அமைந்துவிட்டது. பின்னால் 68020 முழு 32 பிட் பஸ்ஸோடு வந்து, ஒற்றைப்படை முகவரியிலிருந்துகூட டேட்டாவைப் படிக்கும் திறமையும் பெற்றது. ஆனால் ஏபிஐ மாறவில்லை. இன்றைக்கும் எம்68கே லினக்ஸில் ஒரு யூ16-க்கு (16 பிட் எண்) அடுத்து யூ32 (32 பிட் எண்) வைத்தால் அது 2-வது பைட்டிலேயே தொடங்கும், மொத்த ஸ்ட்ரக்ட் 6 பைட்தான். மற்ற பெரும்பாலான ஆர்க்கிடெக்சர்களில் 8.

இங்கே பிராசஸருக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொந்தரவு முழுக்கக் கெர்னல் கோட்டின் நம்பிக்கையில் இருக்கிறது. பாயின்டர் 4-ஆல் வகுபடும் என்றால் அதன் கடைசி 2 பிட் எப்போதும் 00. அதைச் சும்மா விடுவானேன், ஏதாவது தகவலை அதில் வைத்துக்கொள்வோம் என்ற பழக்கம் கெர்னல் முழுக்க இருக்கிறது. நகராமல் தொங்கிக் கிடக்கும் டாஸ்க்குகளைக் கண்டுபிடிக்கும் பகுதியில், அந்த டாஸ்க் எந்த லாக்குக்காகக் காத்திருக்கிறது, அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்லும் வசதி 2025-ல் வந்தது. உண்மையிலேயே நல்ல வசதி. அதற்காக டாஸ்க் ஸ்ட்ரக்டில் ஒரே ஒரு லாங் சேர்த்து, அதில் லாக்கின் முகவரியையும், கடைசி 2 பிட்டில் லாக்கின் வகையையும் வைத்தார்கள். மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் லாக்) என்றால் 00, செமஃபோர் 01, படிப்பவர்-எழுதுபவர் செமஃபோர் என்றால் 10 அல்லது 11.

இப்போது எம்68கே-யில் ஒரு ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு யூ16, அடுத்து ஒரு மியூடெக்ஸ். ஸ்ட்ரக்ட் 4-ஆல் வகுபடும் முகவரியில் இருந்தாலும் மியூடெக்ஸ் 2-வது பைட்டில் உட்காருகிறது. அதன் முகவரியின் கடைசி இரண்டு பிட் 10. வகை பிட்டைச் சேர்ப்பதற்கு முன்பே அது வேறு வகை லாக் போலத் தெரிகிறது. கோடு எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து ஒரு சோதனை வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட முகவரி வந்தால் எச்சரித்துவிட்டு எதையும் எழுதாமல் திரும்பிவிடும். நீங்கள் பார்த்தது அந்த எச்சரிக்கைதான். பிறகு வந்த திருத்தம் எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட லாக்குகளுக்கு இந்த வசதி கிடைக்காது, அவ்வளவுதான். உங்கள் டிரைவரின் தரவு எதுவும் கெடவில்லை, பயப்பட வேண்டாம். இங்கே பேக்டு போட்டால் மியூடெக்ஸ் ஒற்றைப்படை முகவரிக்கே போய்விடவும் கூடும், அது நிச்சயம் வேண்டாம்.

கம்பைலரிடம் இன்டை 4 பைட் எல்லையில் வை என்று சொல்ல முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஜிசிசி-யில் எம்68கே-க்கு அதற்கென்றே ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஆனால் சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலும் புரோகிராம்களும் பரிமாறிக்கொள்ளும் ஸ்ட்ரக்டுகளின் வடிவமும் கூடவே மாறிவிடும். ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த புரோகிராம்கள் எதுவும் அந்தக் கெர்னலோடு ஒத்துப்போகாது.

இந்த மாதிரிச் சிக்கலுக்கு முறையான தீர்வு எப்படி இருக்கும் என்பதை கிரிஸ் என்ற ஆர்க்கிடெக்சர் விட்டுச்சென்ற தடயங்களில் பார்க்கலாம். ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆக்சிஸ் நிறுவனம் தன் நெட்வொர்க் சாதனங்களுக்காகச் செய்த சிப் அது. அதில் எல்லா வகைக்கும் 1 பைட் அலைன்மென்ட் போதும். கடைசி பிட் சுழியம் என்ற நம்பிக்கையே அங்கே செல்லாது. லினக்ஸ் 4.17-ல், 2018-ல், பயன்பாடு இல்லாத வேறு சில ஆர்க்கிடெக்சர்களோடு கிரிஸும் நீக்கப்பட்டது. ஆனால் ரெட்-பிளாக் மரத்தின் (முனைகளுக்குச் சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைக்கும் தேடல் மரம்) முனை ஸ்ட்ரக்டில் ‘லாங் அளவுக்கு அலைன் செய்’ என்று அதற்காகப் போட்ட அட்ரிபியூட் இன்னும் இருக்கிறது. அந்த முனை தன் நிறத்தைப் பெற்றோர் பாயின்டரின் கடைசி பிட்டில் வைத்திருப்பதால் அது தேவை. அட்ரஸ் ஸ்பேஸ் ஸ்ட்ரக்டிலும் அதே காரணம், பேஜ் ஸ்ட்ரக்டிலுள்ள மேப்பிங் பாயின்டரின் கடைசி பிட்டுக்கு வேறு பொருள் உண்டு. ஆர்சியு (லாக் இல்லாமலே படிக்க வழி செய்யும் கெர்னல் முறை) கால்பேக் ஸ்ட்ரக்டில் இருப்பது இன்னும் நுட்பமானது. அது பேஜ் ஸ்ட்ரக்டில் வேறொரு உறுப்போடு ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த உறுப்பில் பிட் 0 எழுந்திருந்தால், இது பெரிய பேஜ் ஒன்றின் வால் பகுதி என்று பொருள். ஆர்சியு-வின் பாயின்டர் ஒற்றைப்படையாக வந்துவிட்டால், சாதாரண பேஜ் ஒன்றை வால் பேஜ் என்று கெர்னல் எடுத்துக்கொண்டுவிடும். பக்கத்திலேயே இந்தக் காரணத்தையும் கமென்டாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். எந்த வகையின் பாயின்டரில் பிட்டை ஒளிக்கிறோமோ, அந்த வகையின் வரையறையிலேயே அலைன்மென்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அப்படி எழுதினால் எக்ஸ்86-ல் ஒரு பைட்கூடச் செலவாகாது, ஏற்கெனவே அங்கே அப்படித்தான் இருக்கிறது. மியூடெக்ஸின் உரிமையாளர் பாயின்டரில் 3 பிட் ஒளித்து வைப்பதும் இதனால்தான் எம்68கே-யிலும் பத்திரமாக நடக்கிறது. டாஸ்க் ஸ்ட்ரக்ட் குறைந்தது கேஷ் லைன் அளவுக்கு அலைன் ஆகும்படி கெர்னலே ஒதுக்குகிறது. எக்ஸ்அர்ரே என்ற கெர்னல் தரவு அமைப்பும் தன் ஆவணத்தில் வெளிப்படையாகச் சொல்கிறது: 4 பைட் அலைன் ஆன பாயின்டர்தான் வேண்டும், கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் கேமெல்லாக் தருவது சரி, ஸ்டாட்டிக்காக அறிவித்த பொருள் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

இதிலிருந்து கொஞ்சம் விலகி ஆல்ஃபா என்ற பிராசஸர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அங்கே அலைன்மென்ட் எல்லாம் சரியாக இருந்தும் தரவு கெடும். 1992-ன் முதல் ஆல்ஃபா சிப்பில் ஒரு பைட்டை மட்டும் எழுதும் கட்டளையே கிடையாது. அந்த பைட் இருக்கும் முழுச் சொல்லையும் படித்து, நடுவில் மாற்றி, முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு ஸ்ட்ரக்டில் அடுத்தடுத்து இரண்டு பைட் உறுப்புகள், இரண்டையும் காப்பது வெவ்வேறு லாக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிபியு முதல் பைட்டுக்காகச் சொல்லைப் படித்த நேரத்தில் இன்னொரு சிபியு இரண்டாவதை மாற்றிவிட்டால், முதல் சிபியு திரும்ப எழுதும்போது அந்த மாற்றம் அழிந்துபோகும். 1996-ன் இவி56 என்ற ஆல்ஃபா சிப்பில்தான் பைட் எழுதும் கட்டளைகள் வந்தன. அதற்கு முந்தைய ஆல்ஃபாக்களுக்கான ஆதரவை 2024-ல் லினக்ஸ் 6.10 நீக்கியதற்கும் இதுதான் அடிப்படை.

புதிய பிராசஸர் என்றால் இது வராது என்றும் சொல்ல முடியாது. 2012-ல் இட்டேனியத்தில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ஒரு ஸ்பின்லாக் கெட்டுப்போனது. அதன் பக்கத்தில் இருந்த ஒரு பிட் அளவு பிட்ஃபீல்டை மாற்ற, ஜிசிசி 64 பிட்டையும் படித்துத் திரும்ப எழுதியதுதான் காரணம், அதற்குள் லாக்கும் அடங்கியிருந்தது. பைட் எழுதும் கட்டளை அந்த பிராசஸரில் இருந்தும் கம்பைலர் அப்படிச் செய்தது. லாக்குக்கு அருகில் பிட்ஃபீல்ட் வைக்காதீர்கள்.

பேக்டு விஷயத்துக்குத் திரும்புவோம். அது இரண்டு வேலை செய்கிறது. பேடிங்கை எடுக்கிறது, கூடவே இந்த ஸ்ட்ரக்டின் அலைன்மென்ட் 1 பைட்தான் என்றும் கம்பைலரிடம் சொல்லிவிடுகிறது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுப்புகள் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காக அமைந்த ஸ்ட்ரக்டுக்கு வீணாகப் பேக்டு போட்டால், ஏஆர்எம்வி5-ல் ஒவ்வொரு 32 பிட் படிப்பும் நான்கு பைட் படிப்பாக உடையும். சாதாரண நினைவகத்தில் அது வேகக் குறைவு மட்டுமே. ஹார்டுவேர் ரெஜிஸ்டர் என்றால் டிரைவரே போய்விடும், ஒரு 32 பிட் ரெஜிஸ்டரை நான்கு தடவை பைட் பைட்டாகத் தொட்டால் சாதனம் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. யூஎஸ்பி-யின் ஈஎச்சிஐ (யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர்) ரெஜிஸ்டர் ஸ்ட்ரக்டுகளில் தேவையில்லாமல் இருந்த பேக்டை 2011-ல் இதே காரணத்துக்காக, ஏஆர்எம்-ல் சிக்கல் வந்த பிறகு, எடுத்தார்கள். இன்னொன்று, பேக்டு ஸ்ட்ரக்டின் உறுப்புக்கு முகவரி எடுத்து சாதாரண பாயின்டரில் வைத்த அடுத்த நொடியே கம்பைலர் அது பேக்டு என்பதை மறந்துவிடும். பழைய காஸ்ட் சிக்கல் அப்படியே திரும்ப வரும்.

ஆகவே வயரில் வரும் 5 பைட் ரெக்கார்டுக்கு மட்டும் பேக்டு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது உண்மையும்கூட. உறுப்பை நேரடியாகப் பெயர் சொல்லிப் படியுங்கள், முகவரி எடுக்காதீர்கள். இல்லையென்றால் பைட் அர்ரேயாகவே வைத்துக்கொண்டு கெட்_அன்அலைன்டு_எல்இ32-ஐக் கூப்பிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், எண்டியன் பிரச்சினையும் கூடவே தீர்ந்துவிடுகிறது. எம்68கே பிக் எண்டியன் என்பதால் உங்களுக்கு அது கட்டாயம் தேவை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் உங்கள் கோடில் காத்திருக்கும் ஒன்று: ஐயோகன்ட்ரோல் (புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) ஸ்ட்ரக்ட். அதில் யூ32 எண்ணிக்கை, யூ64 நேரம், யூ16 வகை என்ற வரிசையில் வைத்திருக்கிறீர்கள். 64 பிட் எக்ஸ்86-லும், இப்போதைய ஏஆர்எம் ஈஏபிஐ-யிலும் இது 24 பைட். 32 பிட் எக்ஸ்86-ல் யூ64-க்கு ஸ்ட்ரக்டுக்குள் 4 பைட் அலைன்மென்ட் போதும் என்பதால் 16 பைட். ஏஆர்எம்-ன் பழைய ஏபிஐ-யிலும் 16. எம்68கே-யில் 14. ஐயோகன்ட்ரோல் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு அடங்கியிருப்பதால், 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் 32 பிட் புரோகிராமை ஓட்டினால் கட்டளையையே டிரைவர் அடையாளம் கண்டுகொள்ளாது.

வரிசையை யூ64, யூ32, யூ16 என்று மாற்றி, கடைசியில் வெளிப்படையாக ஒரு யூ16 பேடிங் உறுப்பு சேர்த்து, அதைச் சுழியமாக்கிவிடுங்கள். சுழியமாக்காவிட்டால் கெர்னல் ஸ்டேக்கில் கிடந்த பைட்டுகள் யூசர் பக்கம் கசியும். யூ64-க்கு அலைன்டு_யூ64 வகையைப் பயன்படுத்துங்கள். பிறகு சைஸ்ஆஃப் 16 என்று ஒரு ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டு, எக்ஸ்86, ஏஆர்எம், எம்68கே மூன்றுக்கும் கம்பைல் செய்யுங்கள். டீபக் தகவலோடு கம்பைல் செய்த மாட்யூலை பாஹோல் கருவியில் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பும் எந்த பைட்டில் தொடங்குகிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். மூன்று ஆர்க்கிடெக்சரின் வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இந்த ஸ்ட்ரக்டுக்கு மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும்.